பெண்களைப் பதவிக்கு அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் ஆண் வாக்காளர்களைவிடப் பெண் வாக்காளர்கள் அதிகம். 2021 சட்டமன்றத் தேர்தலின்போது பட்டியலில் இருந்த பெண்கள் ஏறத்தாழ 3.19 கோடி, ஆண்கள் 3.09 கோடி. அந்தத் தேர்தலில் வென்ற 234 பேரில் பெண்கள் 12 பேர்தான். 2016இல் 21 பெண்கள் வென்றிருந்தார்கள். ஐந்தே ஆண்டுகளில் எண்ணிக்கை பாதியை நெருங்கி இறங்கிவிட்டது.

இதே மாநிலத்தில்தான் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. 2022இல் 21 மாநகராட்சிகளில் 11 இடங்களில் பெண்கள் மேயராகப் பொறுப்பேற்றார்கள். ஊராட்சித் தலைவர்கள், ஒன்றியக் குழுத் தலைவர்கள், கவுன்சிலர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஐந்தாண்டு நிர்வாகம் நடத்திய அனுபவத்தோடு இருக்கிறார்கள். ஆகவே "நிறுத்துவதற்குப் பெண்கள் கிடைப்பதில்லை" என்று கட்சிகள் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆள் இருக்கிறது. நாம் ஆதரவு கொடுக்கும் விதத்தில்தான் கோளாறு. நாம் என்று சொல்லும்போது கட்சிக்காரர்களோடு மகளிர் குழுவினரையும் வேட்பாளரின் வீட்டாரையும் வாக்காளர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒதுக்கப்பட்ட இடம் மட்டும்தான் பெண்ணுக்கு என்று நினைப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. "இந்த முறை பெண்கள் வார்டு, அடுத்த முறை ஆண்கள் வார்டு" என்று ஊரில் சாதாரணமாகப் பேசுகிறார்கள். ஆண்கள் வார்டு என்ற ஒன்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஒதுக்கீடு போக மீதி இருப்பவை பொது இடங்கள். அவற்றில் ஆணும் நிற்கலாம், பெண்ணும் நிற்கலாம். 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சி இடங்களில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்றுதான் வரையறுத்தன. அதற்கு மேல் எத்தனை பேர் வந்தாலும் தடை இல்லை. நாமோ அந்தக் குறைந்தபட்சத்தையே உச்ச வரம்பாக மாற்றிவிட்டோம்.

இதன் விளைவு, ஒதுக்கப்பட்ட இடங்களின் சுழற்சி மாறும்போது தெரியும். ஒரு பெண் ஐந்தாண்டுகள் தலைவராக இருந்து, எந்தத் தெருவுக்கு எந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் போகிறது, எந்தத் திட்டத்துக்கு எந்த அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டிருப்பார். அடுத்த முறை அந்த இடம் பொதுவாக அறிவிக்கப்பட்டதும், "உங்கள் முறை முடிந்துவிட்டது, விட்டுக்கொடுங்கள்" என்கிறார்கள். பெரும்பாலும் அவரும் விட்டுக்கொடுத்துவிடுகிறார். கேட்பவர்கள் சொந்தக்காரர்களாக இருக்கும்போது மறுப்பது எளிதல்ல.

மும்பை மாநகராட்சித் தேர்தல்களை ஆராய்ந்த ரிகில் பவ்நானி, முந்தைய தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த வார்டு பொதுவாக மாறிய பிறகு அங்கே பெண் வெல்லும் வாய்ப்பு மற்ற வார்டுகளைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு இருந்ததைக் கண்டார். ஒருமுறை பெண்ணின் நிர்வாகத்தைப் பார்த்த வார்டு மறுபடியும் பெண்ணைத் தேர்ந்தெடுக்கத் தயாராக இருக்கிறது. அதற்கு அவர் களத்தில் நிற்க வேண்டும். பதவிக்காலம் முடிய ஓராண்டு இருக்கும்போதே அவரைச் சந்தித்து, "பொது வார்டானாலும் நீங்கள்தான் நிற்க வேண்டும்" என்று நாலு பேர் முன்னிலையில் சொல்லிவிடுங்கள். செய்த வேலைகளின் பட்டியலை அவரோடு உட்கார்ந்து தயாரியுங்கள். கடைசி நேரத்தில் போய்ச் சொன்னால் அதற்குள் வீட்டில் வேறொருவர் முடிவாகியிருப்பார்.

எத்தனை சீட் என்று எண்ணுவது, எந்தத் தொகுதி என்று கேட்காமல் விடுவது

2021இல் நாம் தமிழர் கட்சி 117 பெண்களையும் 117 ஆண்களையும் நிறுத்தியது. சரிபாதி என்பது பெரிய முடிவுதான். ஆனால் அந்தக் கட்சி ஓர் இடத்திலும் வெல்லவில்லை. 2022 உத்தரப் பிரதேசத் தேர்தலில் காங்கிரஸ் 40 சதவீத இடங்களைப் பெண்களுக்குக் கொடுத்தது. கட்சி மொத்தமாக வென்றதே இரண்டு இடங்கள். வெல்ல வாய்ப்புள்ள கட்சிகளோ பெண்களுக்குச் சீட் கொடுக்கத் தயங்குகின்றன.

ஒடிசாவில் வேறு மாதிரி நடந்தது. 2019 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சியாக இருந்த பிஜு ஜனதா தளம் 21 தொகுதிகளில் ஏழில் பெண்களை நிறுத்தியது. ஐந்து பேர் வென்றார்கள். அவர்களில் ஒருவரான பிரமிளா பிசோயி மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்தவர், அதிகம் படிக்காதவர். அவருக்குக் கிடைத்த தொகுதி அஸ்கா, கட்சித் தலைவர் நவீன் பட்நாயக் முதன்முதலில் நாடாளுமன்றத்துக்குப் போன தொகுதி. கட்சியின் கோட்டையையே ஒரு சுய உதவிக் குழுப் பெண்ணிடம் கொடுத்தார்கள். அவர் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

ஆகவே கட்சிப் பட்டியல் வெளியாகும்போது பெண்களின் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கடந்த தேர்தலில் அந்தத் தொகுதியில் கட்சி வென்றதா, எத்தனை வாக்குகளில் தோற்றது, கூட்டணி வாக்கு எவ்வளவு என்று பாருங்கள். சீட் யாருக்கு என்ற பேச்சு மாவட்டச் செயலாளர் மட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது. அந்த நாற்காலிகளில் பெண்கள் அரிது. கட்சிக்குள் பெண்களை மகளிரணியோடு நிறுத்திவிடுவதும் இதனால்தான் தவறாகிறது. மகளிரணியில் இருபது ஆண்டுகள் கூட்டம் திரட்டிக் கொடுத்தவரிடம் பூத் கமிட்டிப் பொறுப்பு இருக்காது, ஒன்றியச் செயலாளர் பதவி இருக்காது. சீட் கேட்டு நேர்காணலுக்குப் போகும்போது, "உங்கள் கையில் எத்தனை பூத் இருக்கிறது?" என்பார்கள். அதற்கு அவரிடம் பதில் இருக்க வேண்டுமென்றால், கட்சியில் சேர்ந்த நாளிலிருந்தே பூத் வேலை அவர் கைக்கு வந்திருக்க வேண்டும்.

பணத்தைக் கடைசி வாரத்தில் தேடுவது

2019, 2021 ஊரக உள்ளாட்சித் தேர்தல்களில் ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்கான செலவு வரம்பு 34,000 ரூபாய், வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய். சட்டமன்ற வேட்பாளருக்கு 2022 முதல் 40 லட்சம் ரூபாய். களத்தில் எவ்வளவு செலவாகிறது என்பது ஊருக்கே தெரியும். வீடும் நிலமும் பெரும்பாலும் ஆண்களின் பெயரில்தான் இருக்கின்றன. அதனால் பெண் வேட்பாளர் முதலில் கை வைப்பது தன் நகையில். அது போதாதபோது கணவரின் பணம், மைத்துனரின் பணம், உள்ளூர் கான்ட்ராக்டரின் பணம். பணம் போட்டவர் வெற்றிக்குப் பிறகு அலுவலகத்தில் வந்து உட்காருவார். அவரை எழுந்து போகச் சொல்ல வேட்பாளரால் முடியாது.

ஆதரிப்பவர்கள் பலர் சேர்ந்து சிறு தொகையாகக் கொடுப்பது அவரைக் காப்பாற்றும். நூறு பேர் இருநூறு ரூபாய் கொடுத்தால் எந்த ஒருவருக்கும் அவர் கடன்பட்டவராக மாட்டார். இங்கே ஓர் எச்சரிக்கை: சுய உதவிக் குழுவின் சேமிப்பையோ கடன் தொகையையோ தேர்தலுக்குத் திருப்பக் கூடாது. அது குழுவையும் உடைக்கும், வேட்பாளரின் பெயரையும் கெடுக்கும். செலவுக் கணக்கை எழுத ஒருவரை முதல் நாளே நியமியுங்கள். முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் மூன்றாண்டுகள் போட்டியிட முடியாமல் போகலாம். தோற்ற வேட்பாளர்கள் இதை மறந்துவிட்டு அடுத்த வாய்ப்பையும் இழக்கிறார்கள்.

வெற்றி ஊர்வலத்தோடு வீட்டுக்குப் போய்விடுவது

உண்மையான சிக்கல் பதவியேற்ற பிறகுதான் தொடங்குகிறது.

ஊர்க் குடிநீர் மோட்டார் எரிந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைவர் ஆளை வரவழைத்துச் சரிசெய்கிறார். பில் வருகிறது. ஊராட்சிச் செயலர் காசோலையை எழுதிக் கொடுக்க, தலைவர் கையெழுத்திடுகிறார். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அந்தக் காசோலையில் துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். அவர் வெளியூர் போயிருக்கிறார். அடுத்த வாரம் உறவில் ஒரு கல்யாணம். அதற்கடுத்த வாரம், "கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்கிறார். மோட்டார் மெக்கானிக் பணம் கேட்டுத் தலைவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். அடுத்த முறை கூப்பிட்டால் வரமாட்டார். தண்ணீர் வராத தெருவில் எல்லோரும் திட்டுவது தலைவரைத்தான். துணைத் தலைவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. சில மாதங்களில், "பெண் நிர்வாகம் என்றால் இப்படித்தான்" என்று ஊரே முடிவு கட்டிவிடும்.

இதைத் தேர்தலுக்கு முன்பே ஓரளவு தடுக்க முடியும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள். தலைவர் பதவிக்கு ஒரு பெண்ணை நிறுத்தும்போதே, அவரோடு ஒத்துப்போகும் வார்டு உறுப்பினர்கள் பெரும்பான்மையாக வருவதற்கும் வேலை செய்ய வேண்டும். பிரசாரம் முழுவதையும் தலைவர் பதவியில் கொட்டிவிட்டு வார்டுகளைக் கைவிட்டால், அவரை எதிர்த்தவர்களே துணைத் தலைவர் நாற்காலியில் உட்கார்வார்கள். முட்டுக்கட்டை தொடர்ந்தால் தேதிவாரியாக எழுதி மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான். வாய்வழிப் புகாரால் பயன் இல்லை.

தலைவர் பட்டியலினப் பெண்ணாக இருந்தால் சுமை இரட்டிப்பாகிறது. 2020இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் ஊராட்சித் தலைவரைச் சுதந்திர தினத்தன்று கொடியேற்றவிடாமல் தடுத்தார்கள். அதே ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரைத் தரையில் உட்காரவைத்து, மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்து கூட்டம் நடத்தினார்கள். இரண்டும் செய்தியான பிறகுதான் நிர்வாகம் விரைந்தது. ஆத்துப்பாக்கத்தில் சில நாட்கள் கழித்து மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். தெற்குத்திட்டையில் ஒரு புகைப்படம் வெளியே வந்திராவிட்டால் எதுவும் மாறியிருக்காது. ஆதரவாளர்கள் கூட்டத்துக்குப் போய் உட்கார்வதும் பார்ப்பதும் பதிவு செய்வதும் அவருக்குப் பெரிய பாதுகாப்பு.

கணவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மனைவியின் பெயரில் நிர்வாகம் நடத்தும் கணவர்கள் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். அதைப் பார்த்து, "எல்லாப் பெண் தலைவர்களும் பினாமிதான்" என்று பேசிவிட்டு, நம் மனுவையும் கணவரிடமே கொண்டுபோய்க் கொடுப்பது நாம் செய்யும் தவறு. தலைவரின் வீட்டுக்காரரைத் தலைவர் என்று அழைப்பதை முதலில் நிறுத்துங்கள். மனுவைத் தலைவர் கையில் கொடுங்கள். கிராம சபையில் கேள்வியை அவரிடம் கேட்டு, அவர் பதில் சொல்லும்வரை காத்திருங்கள். முதல் கூட்டத்தில் குரல் நடுங்கலாம். மூன்றாவது கூட்டத்தில் நடுங்காது. அறிவிப்புப் பலகையில் இருப்பது அவருடைய கைபேசி எண்தானா, இணையவழியில் ஒப்புதல் கொடுக்கப் பயன்படும் டிஜிட்டல் கையொப்பச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். சட்டம், நிதி, தீர்மானம் எழுதும் முறை ஆகியவற்றில் பதவியேற்ற முதல் சில மாதங்களில் பயிற்சி கிடைத்த பெண்ணைப் பொம்மையாக வைத்திருப்பது கடினம்.

ஆணிடம் கேட்காததைக் கேட்பது

"குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று ஆண் வேட்பாளரிடம் யாரும் கேட்பதில்லை. கட்சிக் கூட்டங்களை இரவு ஒன்பது மணிக்கு வைத்துவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று குறைபடுவதும் இதே வகை. எதிரணியினர் ஒழுக்கத்தைப் பற்றிக் கிசுகிசு பரப்பும்போது சொந்தக் கட்சியினர் வாயை மூடிக்கொள்வது எல்லாவற்றையும்விட மோசம். அந்த ஒரு வாரத்தில் பல பெண்கள் அரசியலையே விட்டுவிடுகிறார்கள். பதிலை அவரே சொல்லட்டும் என்று விடாமல், கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர் மேடையேறிக் கண்டிக்க வேண்டும்.

சட்டம் வரட்டும் என்று காத்திருப்பது

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் 106ஆவது திருத்தம் 2023 செப்டம்பரில் நிறைவேறியது. மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே ஒதுக்கீடு என்று அந்தத் திருத்தத்திலேயே நிபந்தனை வைத்தார்கள். கட்சிகள் தாமாக முன்வந்து சீட் கொடுப்பதற்கு எந்த நிபந்தனையும் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவரானது 1927இல். 1963இல் மாநிலமான நாகாலாந்து, முதல் இரண்டு பெண் சட்டமன்ற உறுப்பினர்களை 2023இல்தான் தேர்ந்தெடுத்தது. இட ஒதுக்கீடு இல்லாமலேயே.

உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் இதோடு சேர்ந்த தவறு. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. இருந்தும் 2016 அக்டோபருக்குப் பிறகு மூன்றாண்டுகளுக்கும் மேலாக ஊராட்சிகள் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கையில் இருந்தன. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தபோது மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்தல் இல்லாத காலத்தில் 50 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஒரு பொருளும் இல்லை. பதவி போனாலும் கட்சி, தொழில், டீக்கடைப் பேச்சு என்று ஆண் தலைவர்களின் செல்வாக்கு தொடர்கிறது. பெண் தலைவர்கள் ஊர் நினைவிலிருந்து சீக்கிரம் மறைந்துவிடுகிறார்கள்.

அந்த இடைவெளியிலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை. முன்னாள் பெண் தலைவர்களையும் அடுத்து நிற்கக்கூடிய பெண்களையும் கூட்டமாக அழைத்துப் போங்கள். அவர்கள் கேள்வி கேட்கட்டும், தீர்மானம் முன்மொழியட்டும், தீர்மானப் புத்தகத்தில் அது பதிவானதா என்று அங்கேயே படித்துப் பார்க்கட்டும். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு வேட்புமனுத் தாக்கலுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு வாரம்தான். யாரை நிறுத்துவது என்ற பேச்சு அதற்கு வெகு முன்பே ஊரில் தொடங்கிவிடும்.