‘டிஜிட்டல் கைது’ அழைப்பு வந்தால் கதவைத் தட்ட ஒரு குழு

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் அடுக்ககத்தில் மூத்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். மோசடி அழைப்பு வந்தால் சொல்வதற்கு மட்டும்தான் அது. காலை வணக்கப் படங்களை அனுப்புபவரிடம் நான் கடுமையாகவே பேசிவிடுவேன். இதேபோல் ஒன்றைத் தொடங்க விரும்புபவர்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

போலீஸ் வேடத்தில் வீடியோவில் அழைத்து, ‘உங்களைக் கைது செய்திருக்கிறோம்’ என்று மிரட்டிப் பணம் பறிப்பதுதான் ‘டிஜிட்டல் கைது’. மிரட்டுபவன் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஆளைத் தனியாக்கிவிடுவான். “உங்கள் ஆதார் எண்ணில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது. கதவைச் சாத்துங்கள், கேமராவை அணைக்காதீர்கள், பிள்ளைகளிடம்கூடச் சொல்லக் கூடாது” என்பான். பிறகுதான் வைப்புத்தொகையை முறித்து ‘சரிபார்ப்புக் கணக்கு’க்கு அனுப்பச் சொல்வான். வீடியோவில் கைது செய்ய நம் சட்டத்தில் இடமே இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொன்னார். ஆனால் நடுங்கிக்கொண்டிருப்பவருக்குச் சட்டமா நினைவுக்கு வரும்?

ஆகவே, கூப்பிடு தூரத்தில் இருப்பவர்களைச் சேருங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளும் இருக்கட்டும், ஆனால் மணியடிக்க அவர்களால் வர முடியாது. ஒவ்வொரு மூத்தவருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். தட்டச்சு வராதவர்களுக்குக் குரல் பதிவு போதும். மூன்றாம் மாடி மாமி “வந்துவிட்டான்” என்று ஒரே சொல்லை அனுப்புவார். அப்படி ஒருமுறை நான் போனபோது, திரையில் காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் “கேமராவைப் பாருங்கள்” என்று அதட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் காவல்துறைச் சின்னம் அச்சிட்ட துணி மின்விசிறிக் காற்றில் படபடத்தது. “எந்தக் காவல் நிலையம், சார்?” என்று நான் தலையை நீட்டியதும் இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

பணம் போகாவிட்டாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில், மோசடி அழைப்புகளுக்கான ‘சக்ஷு’ பகுதியில் புகார் செய்யுங்கள். அவன் சொன்ன கதையை இரண்டு வரியில் குழுவில் போடுங்கள். கதைகள் பருவத்துக்கேற்ப மாறும்: நவம்பரில் ஓய்வூதியர்களின் வாழ்நாள் சான்றிதழ், முகூர்த்த மாதங்களில் அழைப்பிதழ் என்ற பெயரில் ஏபிகே கோப்பு (திறந்தால் கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு). ‘இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும்’ என்பது எல்லாக் காலத்துக்கும் உரியது.

பணம் போய்விட்டதா? திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் நான்கையும் ஒரு தாளில் எழுதி, அழைத்துப் பேசுபவரின் கையில் கொடுங்கள். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவி, எடுக்கப்படுவதற்குள் முடக்கினால்தான் உண்டு. அடுத்து வங்கிக்கும் தகவல் சொல்லி, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள்.

ஏமாந்தவரின் பெயரையும் எண்ணையும் ஃபேஸ்புக்கில் போட்டு நியாயம் கேட்காதீர்கள். ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று அடுத்த கூட்டம் அங்கிருந்துதான் கிளம்பி வரும்.