வீட்டுப் பெரியவரின் உழைப்பைக் கணக்கில் எடுப்பது எப்படி?

நானும் கணவரும் நிம்மதியாக வேலைக்குப் போய் வருகிறோம் என்றால், அதற்கு 71 வயதிலும் ஓடியாடும் என் அம்மாதான் காரணம். நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் இந்த உழைப்பு சேராது. வீட்டிலாவது சேரட்டும்.

ஒரு நோட்டு எடுத்து, ஒரு வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர் செய்வதையெல்லாம் நேரம் போட்டு எழுதுங்கள். அவரிடம் கேட்டு எழுதினால் பாதி விட்டுப்போகும், பெரியவர்கள் இதையெல்லாம் வேலை என்றே நினைப்பதில்லை. பார்த்து எழுதுங்கள். பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது எல்லோர் கண்ணிலும் படும். அப்பாவின் பிரஷர் மாத்திரை தீரும் முன்பே வாங்கி வைப்பது, பிளம்பருக்காகப் பகல் முழுக்கக் காத்திருப்பது, பேச்சுவார்த்தை நின்றுபோன உறவினருக்கு போன் போட்டு விசாரிப்பது, இதெல்லாம் யார் கண்ணிலும் படாது. அவற்றைத்தான் முக்கியமாக எழுத வேண்டும்.

அடுத்து, எதையும் அவர் தலையில் தானாகக் கட்டாதீர்கள். "சனிக்கிழமை குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியுமா?" என்று இரண்டு நாள் முன்பே கேளுங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கேட்டால் அவரால் எப்படி மறுக்க முடியும்? முடியாது என்றால் சரி என்று விட்டுவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் அவருக்கு முழு விடுமுறை. அதைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். அன்றைக்கு மாற்று ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் எத்தனை முறை நன்றி சொன்னாலும் அதில் மரியாதை இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வீடு மாறுவது, பள்ளி மாற்றுவது போன்றவற்றை முடிவெடுத்த பிறகு தெரிவிக்காமல், முதலிலேயே கலந்து பேசுங்கள்.

"வயசாயிடுச்சு, உங்களுக்கு இது புரியாது" என்ற பேச்சை அடியோடு விடுங்கள். முதுமையைப் பற்றி நல்ல எண்ணம் கொண்டவர்கள் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததை பெக்கா லெவி என்ற ஆய்வாளரின் குழு 2002இல் வெளியிட்டது. அந்த எண்ணத்தில் நம் வாய்ச்சொல்லுக்கும் பங்கு உண்டு. 2030இல் உலகில் ஆறு பேரில் ஒருவர் 60 வயதைத் தொட்டிருப்பார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைச் சுமை என்று யாராவது பேசினால் எனக்குப் பொறுக்காது.

அப்புறம், அந்த நோட்டை உடன்பிறந்தவர்களுக்கும் காட்டுங்கள். அம்மாவின் மருத்துவச் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்று பேச உட்காரும்போது அது மேஜைமேல் இருக்கட்டும்.