மனசு ஒடஞ்ச ஒருத்தர வச்சு நாவல் எழுதுறது எப்படி

ட்ராமா (ஆறாத மனக்காயம்), ஞாபகம், 'நான் யாரு'ங்கிற கேள்வி, இத வச்சு நாவல் எழுதப் போறீங்கன்னா சம்பவத்துலேர்ந்து ஆரம்பிக்காதீங்க. 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சு, தாமிரபரணி கரைய மீறுச்சு, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ரயிலே நின்னுபோச்சு, இதெல்லாம் பேப்பர்லயே வந்துட்டு. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு சின்ன தூறல் விழும்போது அந்த ஆளோட உடம்பு என்ன பண்ணுது, அத எழுதுங்க.

ஒரு ஆச்சிய வச்சுக்குவோம். தூறல் போட்டதும் பேசிக்கிட்டே எந்திரிச்சு அரிசி டின்ன பரண்ல ஏத்துதா, ரேஷன் கார்டு கெடக்க மஞ்சப்பைய மடில சொருகுதா, திரும்பி வந்து விட்ட இடத்துலேர்ந்து பேசுதா. பேத்தி "ஏன் ஆச்சி?"ன்னா "எலி கெடந்து கொல்லுதுளா"ங்கா. இங்க நீங்க வாயே தொறக்கக்கூடாது, "அவள் மனதில் அந்த இரவு"ன்னு ஒரு வரி சேத்தாலும் போச்சு.

ஒரே ஆறுன்னாலும் பயம் ஒண்ணு இல்ல. 1999 ஜூலை 23ல மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்துல தடியடி நடந்து 17 பேரு இதே ஆத்துல செத்தாங்க, அதுல தப்புன ஒருத்தர எழுதுனா மழை அவர ஒண்ணும் பண்ணாம இருக்கலாம், காக்கிச் சட்டை பண்ணும். எது தூண்டுதுன்னு துல்லியமா தெரியாம பேனாவ எடுக்காதீங்க.

ஞாபகம் பெரும்பாலும் துண்டு துண்டாத்தான் வரும். ஒரு வாடை, கால்ல பட்ட சேறோட குளுமை. மணி என்ன, யாரு முதல்ல வெளிய ஓடுனா, அது விட்டுப்போயிருக்கும். போக, கேக்கவங்க வார்த்தையும் உள்ள பூந்துரும். 1974ல எலிசபெத் லாஃப்டஸ்ங்கிற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் கார் மோதுற படத்த போட்டுக் காட்டி 'நொறுங்க மோதுச்சா'ங்கிற மாதிரி கேட்டப்போ, சும்மா 'இடிச்சுச்சா'ன்னு கேட்டத விட, இல்லாத ஒடஞ்ச கண்ணாடிய பாத்தோம்னு கூடுதல் பேரு சொன்னாங்க. அதனால "தண்ணி ஏறுச்சா"ன்னு ஒருத்தர் கேக்கட்டும், "தண்ணி அடிச்சு தூக்குச்சா"ன்னு இன்னொருத்தர் கேக்கட்டும், ஆச்சி ரெண்டு கதை சொல்லட்டும், ரெண்டையும் நம்பி எழுதுங்க.

அடையாளத்துக்கு ஊரு அவள எப்படிக் கூப்பிடுதுன்னு பாருங்க. முன்னாடி கருப்பட்டி ஆச்சி, உடன்குடிலேர்ந்து சரக்கு எடுத்து தெருத்தெருவா விப்பா, இப்போ 'மகன தண்ணிக்கு குடுத்தாள்லா, அவ'. கல்யாண வீட்ல அவ சிரிச்சா நாலு பேரு திரும்பிப் பாக்காவ, கொஞ்ச நாள்ல அவளே சிரிக்கதுக்கு முன்னாடி சுத்திமுத்தி ஒருதரம் பாத்துக்கிடுதா. நாவலோட உயிரு இதுதான்னு நான் நம்புதேன், நாப்பது பக்கம் குடுத்தாலும் தகும்.

கடைசி அத்தியாயத்துல டாக்டர கொண்டாந்து விளக்கம் சொல்ல விடாதீங்க. பி.டி.எஸ்.டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பொறவு வர்ற மனநோய், அந்தப் பேரே 1980லதான் அமெரிக்க மனநோய்ப் பட்டியல்ல ஏறுச்சு, அதுக்கு முந்துன காலத்துக் கதைன்னா யார் வாய்லயும் அது வரக்கூடாது.

நேர்ல பேசப் போனா நாவலுக்குத்தான் வந்திருக்கேன்னு முதல்லயே சொல்லிருங்க. "அன்னைக்கு என்ன ஆச்சு"ன்னு நோண்டாம "இப்போ மழை வந்தா என்ன பண்ணுவிய"ன்னு கேளுங்க, அவங்க நிறுத்துன இடத்துல நீங்களும் நோட்ட மூடிருங்க.