அறுபதைத் தாண்டியும் நெடுந்தூரம் ஓட: உங்கள் நாடித்துடிப்பு எல்லையைக் கணக்கிடும் முறை

கோவை ரேஸ்கோர்ஸில் ஓடும் பெரியவர்கள் பலரும் கேட்பது, “எத்தனை துடிப்பு வரைக்கும் போலாமுங்க?” என்றுதான். எனக்கு வயது 62. நான் போடும் கணக்கையே சொல்கிறேன். டாக்டரிடம் காட்டி, ஈசிஜியும் டிரெட்மில் டெஸ்டும் எடுத்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

காலையில் விழித்ததும், காபிக்கு முன்னால், படுத்தபடியே ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். எனக்கு 60.

அடுத்தது உச்சத் துடிப்பு. 220-லிருந்து வயதைக் கழிக்கும் பழைய வழி, வயதானவர்களுக்குக் குறைத்தே காட்டும். 2001-ல் தனகா என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட சூத்திரம் மேல்: வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழியுங்கள். எனக்கு 165 வருகிறது. இதுவும் சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு முன்பின் இருக்கும்.

165-ல் காலையில் எண்ணிய 60 போனால் 105. அதில் 60 முதல் 70 சதவீதத்தை எடுத்து, மறுபடி அந்தக் காலை நாடி 60-ஐக் கூட்டினால் 123 முதல் 133 வரை. நீண்ட ஓட்டத்தில் பெரும்பகுதியை இதற்குள்ளேயே ஓடுங்கள்.

சரி, சிக்கல் வருவது அளக்கும்போதுதான். பேசிக்கொண்டே நிதானமாக ஓடுவீர்கள். கையில் கட்டிய வாட்ச் திடீரென்று 168 காட்டும். பயப்படாதீர்கள். கையசைவில் குழம்பி, காலடி எண்ணிக்கையையே துடிப்பாகக் காட்டுவது இந்த வாட்சுகளிடம் அடிக்கடி நடக்கும். உடனே நின்று, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 15 வினாடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். 31 என்றால் 124. தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும். வாட்சை மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே இறுக்கிக் கட்டினால் ஓரளவு சரியாகும். என்னைக் கேட்டால், நெஞ்சில் கட்டும் பட்டைதான் நம்பகமானது. கட்டுமுன் உட்புறத்தைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்திருந்தால் தாறுமாறாகக் காட்டும்.

சித்திரை வெயிலில் அதே வேகத்துக்கே துடிப்பு ஏறும். வேகத்தைக் குறையுங்கள். மருதமலை ஏற்றத்தில் நடந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், இதில் எது வந்தாலும் ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

பின்சேர்க்கை: பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்றவை துடிப்பையே அடக்கி வைப்பவை, அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்குப் பொருந்தாது. முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு ஓடுங்கள், அதுவே உங்கள் எல்லை. டாக்டர் சொல்லாமல் ஓட்டத்துக்காக மாத்திரையை ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள்.