பாவித்த வீட்டுச் சாமானை ரொறன்ரோவில் விற்பது எப்படி?

கனடாவுக்கு வந்த முதல் சில வருடங்களில் ஒரே வீட்டில் நிலைத்திருப்பவர்கள் குறைவு. முதலில் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட், பிறகு வேலைக்குக் கிட்ட ஒரு அப்பார்ட்மென்ட், அப்புறம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக மார்க்கம், ஏஜக்ஸ் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு சோபாவோ அலுமாரியோ மிஞ்சும். அதை ஏற்றிப் போக வான் பிடிக்கிற காசு சாமானின் விலையைவிடக் கூடிவிடும். விற்றுவிட்டுப் போவதுதான் புத்தி. பாவித்த சாமான் விற்பதை இங்கே யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை, கூச்சப்படத் தேவையில்லை. வாங்கிய விலைக்குக் குறைவாக விற்பதால் வருமான வரிக் கவலையும் இல்லை.

விளம்பரம் போட கிஜிஜி, பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் என்ற இரண்டு இணையத்தளங்களும் போதும். வீட்டுச் சாமானுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. 110 வோல்ட் மிக்ஸி, கிரைண்டர், இட்லிச் சட்டி போன்றவை மட்டும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சட்டென்று போகும். பெரிய சாமானைத் தெரிந்தவர்களுக்கு விற்காமல் இருப்பது நல்லது என்பேன். விலை பேச வாய் வராது. கட்டில் கால் ஆடினால் அடுத்த கலியாண வீட்டில் அந்தக் கதையைக் கேட்க வேண்டிவரும்.

வாடகை வீடுகள் பெரும்பாலும் முதலாம் திகதியில் கைமாறுவதால் மாதக் கடைசியில்தான் வாங்குகிறவர்கள் அலைவார்கள். நீங்கள் வெளியேறும் திகதிக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே விளம்பரத்தைப் போடுங்கள். சாவி கொடுக்கிற நாள் வரை இழுத்தால் சும்மா கொடுத்துவிட்டுத்தான் போவீர்கள்.

படத்தைப் பகல் வெளிச்சத்தில், துடைத்துவிட்டு எடுங்கள். கீறல் இருந்தால் அதையும் கிட்டப் பிடித்து ஒரு படம் போடுங்கள். வந்து பார்த்தபின் கீறலைக் காட்டி விலையைப் பாதியாக்க அப்போது முடியாது. நீளம், அகலம், உயரத்தை அங்குலத்தில் எழுதுங்கள். சாமான் தன் காருக்குள் போகுமா என்பதுதான் வாங்குபவரின் முதல் கவலை. ஐக்கியா கடைச் சாமான் என்றால் மால்ம், பில்லி என்று அதன் பெயரைப் போட்டால் தேடுகிறவர் கண்ணில் படும். புகை பிடிக்காத, நாய் பூனை இல்லாத வீடு என்றால் அதையும் சொல்லுங்கள். இங்கே அதற்கு மதிப்பு உண்டு. வீட்டு முகவரி போட வேண்டாம். மார்க்கம் ரோட் - எல்ஸ்மியர் ரோட் என்று கிட்டிய சந்தியைச் சொன்னால் போதும்.

விலைக்கு என் கணக்கு இது: நல்ல நிலையில் இருந்தால் புது விலையில் பாதி, ஐக்கியா சாமான் என்றால் மூன்றில் ஒன்று. பேரம் பேச அதன்மேல் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். ‘இன்னும் இருக்கிறதா’ என்று கேட்டு வரும் செய்திகளைப் பார்த்து மகிழ வேண்டாம். மார்க்கெட்பிளேஸில் அது ஒரு பொத்தான். அமத்திவிட்டு முக்கால்வாசிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்பவரோடு பேசுங்கள். கொண்டோவில் இருப்பவர்கள் சாமான் ஏற்றும் லிஃப்டை முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும்.

காசு விஷயத்தில்தான் புதிதாக வந்தவர்கள் மாட்டுகிறார்கள். நேரில் காசு வாங்கலாம், அல்லது வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்குக் காசு அனுப்பும் இன்டரக் இ-ட்ரான்ஸ்பர். இ-ட்ரான்ஸ்பர் என்றால் வங்கிச் செயலியில் ஓட்டோ டிப்பொசிட்டை முன்பே பதிந்துவிடுங்கள். அப்படிச் செய்தால் நீங்கள் எந்த இணைப்பையும் அமத்தாமலே காசு நேரே கணக்கில் விழும். பதியாவிட்டால் மின்னஞ்சல்தான் வரும். நீங்கள் ஏற்றுக்கொள்ளும்வரை அனுப்பியவர் அதை ரத்து செய்யலாம். அதனால் வாங்குபவர் மின்னஞ்சலைக் காட்டுகிறார் என்று சாமானைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். உங்கள் செயலியைத் திறந்து மீதியைப் பாருங்கள், தொகை ஏறியிருந்தால் மட்டும் கதவைத் திறவுங்கள்.

பார்க்காமலே வாங்குகிறேன், ஊரில் இல்லை, கூரியர் ஆளை அனுப்புகிறேன் என்பவரை அப்படியே விட்டுவிடுங்கள். கூடுதலான தொகைக்குக் காசோலை தந்து மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். சில நாள் கழித்துக் காசோலை திரும்பிவிடும், வங்கி உங்களிடம்தான் கேட்கும். நீங்கள் உண்மையான ஆளா என்று பார்க்கிறேன், தொலைபேசிக்கு வரும் 6 இலக்க எண்ணைச் சொல்லுங்கள் என்பதும் மோசடிதான். அந்த எண் உங்கள் கணக்கின் சாவி. மாட்டிவிட்டால் முதலில் வங்கிக்கு அழையுங்கள், பிறகு கனடிய மோசடித் தடுப்பு மையத்துக்கு: 1-888-495-8501.

கைத்தொலைபேசி, மடிக்கணினி போன்றவற்றை விற்க வீட்டுக்கு அழைக்க வேண்டாம். ஒன்ராறியோவில் பல பொலிஸ் நிலையங்களின் வாகனத் தரிப்பிடத்தில் இதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

குழந்தைச் சாமானில் இன்னொரு கவனம். நம் வீடுகளில் ஓடித்திரியும் சக்கரம் வைத்த பேபி வாக்கர் கனடாவில் 2004 முதல் தடை. ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்ததாக இருந்தாலும் விற்கவோ விளம்பரம் போடவோ கூடாது. பக்கம் இறக்கி ஏற்றும் தொட்டிலும் அப்படித்தான், 2016 கடைசியிலிருந்து தடை. கார் சீற்றில் காலாவதித் திகதி இருக்கும், அது கடந்திருந்தால் விற்காதீர்கள். இந்தச் சட்டம் கடைக்காரருக்கு மட்டுமல்ல, வீட்டிலிருந்து விற்பவருக்கும்தான்.

மெத்தை கடைசிவரை விற்காது, மூட்டைப்பூச்சிப் பயம். விலைபோகாத மற்றவற்றை இலவசம் என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், அன்று மாலையே ஆள் வரும். அதற்கும் போகாவிட்டால், தனி வீட்டில் இருப்பவர்கள் குப்பை எடுக்கும் நாளில் வாசலில் வைக்கலாம், ரொறன்ரோ மாநகரசபை பெரிய சாமானையும் எடுத்துப்போகும். அடுக்குமாடிக் கட்டடத்தில் இருப்பவர்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சூப்பரின்டென்டன்டைக் கேட்டுவிட்டு இறக்குங்கள்.