சிங்கத்துக்கு நடுவில் ஹீட்டர் போட்ட கதை: சஃபாரி பூங்காவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு சஃபாரி பூங்காவின் நுழைவு வரிசையில் நின்றிருந்தோம். எங்களுக்கு முன்னால் இருந்த காரின் கூரைமேல் ஒரு பெரிய பெட்டி. பின்கண்ணாடியை மறைத்துப் பைகள். ஜன்னலுக்கு ஒன்றாகக் குழந்தைத் தலைகள். ஜன்னல்கள் திறந்திருக்க, ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது; வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டியது. மணி பன்னிரண்டரை. இறங்கிப் போய் அந்த அப்பாவிடம் நாலு வார்த்தை சொல்லலாமா என்று என் கை கதவு வரை போய்விட்டது. "சும்மா இருங்க, அவங்க பாடு" என்றாள் மனைவி.

சரி, அவரிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன். சொந்தக் காரை ஓட்டிக்கொண்டே விலங்குகளைப் பார்க்கும் பூங்காக்களுக்கு ஏழெட்டு முறை போயிருக்கிறேன். முதல் இரண்டு முறை நான் செய்யாத முட்டாள்தனம் இல்லை.

காரை விட்டு இறங்காதீர்கள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அது வாசலிலேயே கொட்டை எழுத்தில் இருக்கும். (அதையும் மீறுகிறவர்கள் இருக்கிறார்கள். 2018இல் நெதர்லாந்தின் பேக்ஸ பெர்கன் பூங்காவில் ஒரு குடும்பம் குழந்தையோடு இறங்கி நடக்க, சிவிங்கிப்புலிகள் துரத்த, பதறியடித்துக் காருக்குள் ஏறிய காணொளியைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு நான் எழுதி ஒன்றும் ஆகப் போவதில்லை.)

காரைக் கவனிக்காமல் கிளம்புவது

தொப்பி, தொலைநோக்கி, நொறுக்குத் தீனி, மாற்றுத்துணி என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுவோம். அன்றைக்கு முழுக்க உழைக்கப் போகிற காரை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சஃபாரிப் பாதையில் கார் ஓடுவதில்லை, ஊர்கிறது. நடக்கிற வேகத்தில் கொஞ்ச தூரம், ஒரு நிறுத்தம், மறுபடி பத்தடி. மான் ஒன்று குறுக்கே படுத்துவிட்டால் கால் மணி நேரம் அப்படியே. இன்ஜினுக்கு ஆகாதது இந்த ஊர்தல்தான். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். ஊரும்போது அந்தக் காற்று கிடையாது. ரேடியேட்டரை ஒட்டியிருக்கும் மின்விசிறி ஒன்றுதான் கதி. போதாக்குறைக்கு, ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு தன் சூட்டையும் அதன்மேல் தள்ளும். ஜன்னலைத் திறக்க முடியாத இடத்தில் ஏசியை நிறுத்த யாருக்கு மனம் வரும்?

என் காரில் அந்த மின்விசிறி செத்துப் போயிருந்தது. எப்போது செத்தது என்றே எனக்குத் தெரியாது. நான் தினமும் போகிற சாலையில் தடையே இல்லை, காற்றே வேலையைப் பார்த்துக்கொண்டது. இரண்டு வாரம் முன்புதான் சர்வீஸும் முடிந்திருந்தது. ஆயில் மாற்றி, துடைத்துப் பளபளவென்று கொடுத்தார்கள். நிறுத்திய நிலையில் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தீர்களா என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை.

மான், ஒட்டகச்சிவிங்கி வரை இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவில் நின்றது. காண்டாமிருகங்களைத் தாண்டும்போது நடுவை விட்டு மேலே ஏறியது. பார்த்தேன். பார்த்துவிட்டு, "சரி, சிங்கத்தைப் பார்த்து முடித்து வெளியே போய்க் கவனித்துக்கொள்ளலாம்" என்று நினைத்தேன். இதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் சிங்கப் பகுதிக்கு முன்னால் காரை ஓரங்கட்டி நிறுத்த நல்ல இடம் இருந்தது. அதை விட்டால் இரட்டைக் கதவு. ஒன்று மூடினால்தான் அடுத்தது திறக்கும். பின்னால் இருக்கும் கதவு மூடிவிட்டால், திரும்பிப் போகிற பேச்சே கிடையாது.

உள்ளே, பாதை ஓரமாகவே ஒரு பெண் சிங்கம் படுத்திருந்தது. அதைப் படம் எடுக்க முன்னால் ஏழெட்டு கார்கள் நின்றுவிட்டன. முள் சிவப்பைத் தொட்டது. ஏசி தானாகவே வெட்டிக்கொண்டது. பானெட் இடுக்கில் மெல்லிசாக ஆவி. கூடவே இனிப்பாக ஒரு வாடை. "யாராவது மிட்டாய் பிரிச்சீங்களா?" என்று மனைவி பின்னால் திரும்பிக் கேட்டாள். அது மிட்டாய் இல்லை, கூலன்ட்; இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்.

அப்போதுதான் எப்போதோ கேட்டது ஞாபகம் வந்தது. இன்ஜின் சூடேறினால் ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிட வேண்டும். ஹீட்டர் என்பது உண்மையில் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டர். இன்ஜின் சூட்டை வாங்கி, உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தில் ஊதும். யோசனை சரியானதுதான். ஆனால் வெயில் உச்சியில், ஜன்னல்கள் மூடிய காரில், இரண்டு குழந்தைகளையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். சின்னவன் சட்டையைக் கழற்றினான். பெரியவள் கையில் இருந்த சாக்லேட் உருகி சீட்டில் ஒழுகியது. மாமியார் ஐந்து நிமிடம் பொறுத்தார். அப்புறம், "மாப்பிள்ளை, ஒரு விரக்கடை ஜன்னலை இறக்குங்களேன். அதுதான் தூங்குதே" என்றார்.

அந்த விரக்கடைதான் பயங்கரம். 2015இல் ஜோகனஸ்பர்க் அருகே ஒரு சிங்கப் பூங்காவில், திறந்திருந்த கார் ஜன்னல் வழியாகத்தான் ஒரு சிங்கம் சுற்றுலாப் பயணியைத் தாக்கிக் கொன்றது. நான் மாமியாரிடம் அதைச் சொல்லவில்லை. ஜன்னல் சுவிட்சைப் பூட்டினேன்.

ஹாரனை விட்டு விட்டு அடித்தேன். ரோந்து ஜீப் வந்து சிங்கத்துக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றது. இன்னொரு வண்டி எங்களைக் கட்டி இழுத்தது. பெண் சிங்கம் தலையைத் தூக்கிப் பார்த்தது, மறுபடி படுத்துக்கொண்டது. ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜினின் மேல்பகுதியைக் கசியாமல் அடைக்கும் தகடு, போயிருந்தது. அந்தச் செலவுக்கு அதே பூங்காவுக்குக் குடும்பத்தோடு பலமுறை போய் வந்திருக்கலாம். மெக்கானிக் பிறகு சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது: சூடேறியதால் மட்டும் போகவில்லையாம், முள் சிவப்புக்குப் போன பிறகும் கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டதால் போனதாம்.

ஆகவே, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே, இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். தொட்டியில் இருக்கும் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அப்புறம் காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, ஏசியை முழுதாக வைத்து, அரை மணி நேரம் சும்மா ஓடவிடுங்கள். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். முன்பக்கம் விசிறி சுழலும் 'உய்ங்' சத்தம் கேட்க வேண்டும். முள் நடுவை விட்டு அசையக் கூடாது. சத்தம் வரவில்லை, அல்லது முள் ஏறுகிறது என்றால் காரை மெக்கானிக்கிடம் விடுங்கள், சஃபாரியைத் தள்ளிப் போடுங்கள்.

உள்ளே போன பிறகு முள் ஏறத் தொடங்கினால், ஏசியை நிறுத்தி ஹீட்டரைப் போடுங்கள். அடுத்த இரட்டைக் கதவுக்கு முன்னால் ஓரங்கட்டுங்கள். சிவப்புக்குப் போனால் இன்ஜினையே அணைத்துவிட்டு உதவி கேளுங்கள். பின்னால் நிற்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இவ்வளவையும் படித்ததற்கு மன்னிக்கவும்.

இதையெல்லாம் என் தங்கையின் கணவரிடம் போன வாரம் விலாவாரியாகச் சொன்னேன். "அதான் சர்வீஸ் விட்டாச்சே மச்சான்" என்றார். நானும் ஒரு காலத்தில் அதைத்தான் சொன்னேன்.

உச்சிவெயிலில் நுழைவது

சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரை சும்மா கிடக்கும் பிராணி. நீங்கள் மத்தியானம் போனால் பார்க்கப் போவது புல்லுக்கு மேலே தெரியும் ஒரு காதை. அதே நேரத்தில்தான் ஊரே உள்ளே இருக்கும், காரும் சூடாகும். வாசல் திறக்கும்போதே உள்ளே போங்கள். முடியாவிட்டால், காலையில் நடந்து பார்க்கும் பகுதிகளை முடித்துவிட்டு, சாயங்காலம் கடைசி நுழைவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் காரை எடுங்கள். லேசாகத் தூறினால் ரொம்ப நல்லது. மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் வேளையில் புலி எழுந்து நடக்கும்.

யார் எங்கே உட்காருவது என்பதை உள்ளே போய் யோசிப்பது

நடு சீட்டில் உட்கார்ந்தவருக்கு ஒன்றும் தெரியாது. முதல் பத்து நிமிடத்திலேயே அழுகை வரும். "நீ இங்கே வா, நான் அங்கே போறேன்" என்று கதவைத் திறந்து மாற முடியாத இடம் அது. 2016இல் பெய்ஜிங் அருகே பாடலிங் பூங்காவில் ஒரு பெண் புலிப் பகுதியில் காரை விட்டு இறங்கி, ஓட்டுநர் பக்கக் கதவுக்குச் சுற்றி வந்தார். புலி அவரை இழுத்துச் சென்றது. மகளைக் காப்பாற்ற இறங்கிய தாய் உயிரிழந்தார். சில நொடிகள்தான் ஆகியிருக்கும்.

இருக்கைப் பஞ்சாயத்தை வாசலுக்கு வெளியிலேயே முடித்துவிடுங்கள். குட்டையான பிள்ளைக்கு உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை வேண்டும். இல்லாவிட்டால் நாள் முழுக்க அது பார்ப்பது கதவுக் கைப்பிடியைத்தான்.

பூட்டு தானாக விழுந்திருக்கும் என்று நம்புவது

பல ஆட்டோமேட்டிக் கார்களில், கியரைப் பார்க்கிங் நிலைக்குக் கொண்டுபோனால் கதவுப் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். கரடி பார்க்க நிறுத்துகிறீர்கள், பழக்கத்தில் கை கியரைத் தள்ளுகிறது, 'டக்' என்று நான்கு கதவின் பூட்டும் திறக்கின்றன. உங்கள் கார் அப்படிச் செய்யுமா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுங்கள். பின்கதவு சைல்டு லாக், ஜன்னல் பூட்டு இரண்டும் நுழைவதற்கு முன்பே.

குரங்குப் பகுதி

வைப்பர், ஏரியல், ரப்பர் பட்டை, நம்பர் பிளேட் எல்லாம் அவற்றுக்கு விளையாட்டுச் சாமான். ஆப்பிரிக்காவுக்கு வெளியே முதல்முதலாக 1966இல் இப்படியொரு பூங்கா திறந்த இங்கிலாந்தின் லாங்லீட்டிலும் சரி, பபூன்களுக்குப் பேர்போன நோஸ்லியிலும் சரி, குரங்குகளைத் தவிர்த்துப் போக மாற்றுப் பாதை வைத்திருக்கிறார்கள். சும்மா வைப்பார்களா? வாடகைக் காரில் வந்திருந்தால் விலங்குகளால் வரும் சேதம் யார் தலையில் விழும் என்று ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு அப்புறம் குரங்கைப் பாருங்கள். பழைய கார் என்றால் தாராளமாகப் போங்கள். குழந்தைகள் அந்த நாளில் கடைசிவரை பேசப் போவது அதைப் பற்றித்தான்.

கூரைப் பெட்டி

கழற்றி வீட்டில் வையுங்கள்.

ஹாரன்

சிங்கத்தை எழுப்ப அல்ல. பல பூங்காக்களில் அது உதவி கேட்கிற சத்தம். உங்கள் பூங்காவில் ஹாரனா, எச்சரிக்கை விளக்கா என்று வாசலில் தரும் தாளில் பாருங்கள்.

கழிப்பறை

நுழைவதற்கு முன்னால் எல்லோரும். "எனக்கு வரல" என்பவரும்.

கண்ணாடியை வெளியே மட்டும் துடைப்பது

உள்பக்கம்தான் விரல் ரேகையும் பிஸ்கட் எச்சிலும். அதைத் துடைத்துவிட்டு, ஃப்ளாஷை அணைத்து, ஃபோனைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து எடுங்கள். தள்ளிப் பிடித்தால் சிங்கத்தின் மேல் உங்கள் சட்டைதான் விழும்.

ஒரே சுற்றோடு கிளம்புவது

ஓட்டுகிறவர் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டார். அவர் பார்த்ததெல்லாம் முன்னால் போன காரின் பிரேக் விளக்குதான். ஒரே நுழைவுச் சீட்டில் மறுபடி சுற்ற விடுவார்களா என்று நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விடுவார்கள் என்றால், வெளியே வந்து காரை அரை மணி நேரம் ஆறவிட்டு, ஆள் மாற்றி ஓட்டிக்கொண்டு இன்னொரு முறை போங்கள். போன மாதம் எங்கள் இரண்டாவது சுற்றில் மனைவி ஓட்டினாள். எட்டாவது தடவையாக வந்து, அன்றைக்குத்தான் ஓநாயை முழுசாகப் பார்த்தேன்.