வேலை முடிந்த களைப்பை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

‘பெண்டு நிமிர்ந்துடுச்சு’, ‘மண்டை காய்ஞ்சு போச்சு’, ‘அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு’. தமிழில் இவை மூன்றும் வெவ்வேறு களைப்பு. ஆங்கிலத்துக்குப் போனதும் எல்லாமே ‘ஐ ஆம் வெரி டயர்ட்’ ஆகிவிடுகிறது. அந்த வாக்கியத்தில் பிழை இல்லை. ஆனால் உடம்பு ஓய்ந்ததா, மனசு ஓய்ந்ததா, எவ்வளவு ஓய்ந்தது என்று கேட்பவருக்கு எதுவும் தெரியாது.

புதுச் சொற்களுக்குப் போகும் முன் பழைய சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதிகம் சறுக்குவது ‘டயர்ட்’, ‘டயரிங்’ இரண்டுக்கும் நடுவில்தான். ‘எனக்குக் களைப்பாக இருக்கிறது’, ‘வேலை களைப்பாக இருந்தது’ என்று தமிழில் ஆளுக்கும் வேலைக்கும் ஒரே ‘களைப்பாக’ போதும். ஆங்கிலத்தில் போதாது. களைத்த ஆள் டயர்ட், களைக்க வைத்த வேலை டயரிங். ‘ஐ ஆம் வெரி டயரிங்’ என்றால் ‘என்னோடு இருப்பவர்கள் சோர்ந்து போவார்கள்’ என்று பொருள். எக்ஸாஸ்டட்–எக்ஸாஸ்டிங் (முற்றிலும் ஓய்ந்த–ஓய வைக்கும்), டிரெய்ன்ட்–டிரெய்னிங் (drained–draining, சக்தி வடிந்த–வடிய வைக்கும்) ஜோடிகளுக்கும் இதே கணக்கு. ‘த மீட்டிங் வாஸ் எக்ஸாஸ்டிங், அண்ட் ஐ ஆம் எக்ஸாஸ்டட்’ என்ற ஒரு வாக்கியத்தைப் பத்து முறை வாய்விட்டுச் சொன்னால் நாக்கு பழகிவிடும்.

‘ஹெக்டிக்’ வேறு மாதிரிச் சிக்கல். ஓய்வில்லாத பரபரப்பைக் குறிக்கும் அது நாளுக்கும் வேலைக்கும் உரிய சொல், ஆளுக்கு வராது. ‘ஐ ஆம் ஹெக்டிக் டுடே’ தவறு, ‘இட் வாஸ் எ ஹெக்டிக் டே’ சரி.

அடுத்தது, அலுவலகத்தில் உண்மையிலேயே வம்பில் மாட்டிவிடக் கூடிய பிழை. ‘ஐ ஆம் டயர்ட் ஃப்ரம் வொர்க்’ என்றால் வேலை செய்து களைத்துவிட்டேன். ‘ஐ ஆம் டயர்ட் ஆஃப் வொர்க்’ என்றால் இந்த வேலையே வெறுத்துவிட்டது. நம் ‘அலுப்பு’ என்ற சொல் இரண்டையும் தாங்கும். ‘அலுப்பா இருக்கு’ உடம்பைச் சொல்கிறது, ‘அலுத்துப் போச்சு’ மனசைச் சொல்கிறது. ‘ஆஃப்’ சேர்ந்தால் ‘அலுத்துப் போச்சு’தான். மேலாளரிடம் ‘ஆஃப்’ போட்டுச் சொன்னால் வேறு வேலை தேடுகிறீர்கள் என்றுகூட அவர் நினைக்கலாம்.

இனி சொல்லைத் தேர்ந்தெடுப்பது. முதலில் எது களைத்தது என்று பாருங்கள்.

உடம்பு என்றால் ‘வோர்ன் அவுட்’ எங்கும் செல்லும். தேய்ந்துபோன செருப்புக்கும் இதே சொல்தான், படம் உடனே கண்ணில் நிற்கும். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் ஜவுளிக்கடை ஊழியர், செவிலியர் போன்றவர்களுக்கு ‘ஐ ஆம் டெட் ஆன் மை ஃபீட்’ அச்சாகப் பொருந்தும். இன்னும் நின்றுகொண்டோ நடமாடிக்கொண்டோதான் இருக்கிறார், உயிர் மட்டும் இல்லை என்பது அதன் சாரம். ‘ரெடி டு டிராப்’ என்றால் இந்த நிமிடமே கீழே சாய்ந்துவிடுவேன்.

மூளை களைத்திருந்தால் ‘மை பிரெய்ன் இஸ் ஃப்ரைட்’. மண்டை காய்வதற்கு இதைவிட நெருக்கமான ஆங்கிலம் கிடைக்காது. காலை முதல் மாலை வரை கணினி நிரல் எழுதினாலும் கணக்குப் பார்த்தாலும் இதைச் சொல்லலாம். கோபமான வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசி, அல்லது நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து, உள்ளே எல்லாம் வடிந்துவிட்டால் ‘டிரெய்ன்ட்’. ‘இமோஷனலி டிரெய்ன்ட்’ என்று முழுதாகச் சொன்னால் சந்தேகத்துக்கே இடமில்லை.

பிறகு கேட்பவர் எந்த ஊர்க்காரர் என்று பாருங்கள். பிரிட்டனில் ‘நாக்கர்ட்’ அன்றாடப் பேச்சு. முதலில் வரும் ‘கே’ எழுத்துக்கு ஒலி கிடையாது. உழைத்து ஓய்ந்த குதிரைகளை வாங்கி அறுப்பவருக்கு ‘நாக்கர்’ என்று பெயர், அந்த வழியில் வந்த சொல் இது. கொஞ்சம் கரடுமுரடானது. சக ஊழியரிடம் சரி, நேர்காணலிலும் மேலதிகாரியிடமும் வேண்டாம். ‘ஷாட்டர்ட்’டும் பிரிட்டன் வழக்குதான். அதை ஓர் அமெரிக்கரிடம் சொன்னால், மனம் உடைந்துபோனதாக எடுத்துக்கொண்டு என்ன துக்கம் என்று விசாரிப்பார். அமெரிக்கர்களிடம் ‘ஐ ஆம் பீட்’ எளிதாகப் போகும். இலக்கணப்படி ‘பீட்டன்’ என்று திருத்திவிடாதீர்கள், அது தோற்றுப்போனதைக் குறிக்கும்.

அளவைக் கூட்டும் சொல்லிலும் கவனம் வேண்டும். ‘வெரி டயர்ட்’ சரி. ‘வெரி எக்ஸாஸ்டட்’ கொஞ்சம் இடறும், ஏனென்றால் எக்ஸாஸ்டட் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிறது. அதற்கு ‘அப்சொல்யூட்லி’, ‘கம்ப்ளீட்லி’ பொருந்தும். ‘ரியலி’ என்றால் எதனோடும் ஒட்டும். குழப்பமாக இருக்கும்போது அதையே போட்டுவிடுங்கள். எக்ஸாஸ்டட்டில் ‘எச்’ ஒலிக்காது. ‘எக்ஸ்-ஹாஸ்டட்’ என்று பிரித்துச் சொல்வது நம்மிடம் மிகப் பரவலான உச்சரிப்புப் பிழை.

‘பர்ன்ட் அவுட்’டை மட்டும் அளந்து செலவழிக்க வேண்டும். ஒரு நாள் ஓவர்டைம் பார்த்த அலுப்புக்கு அது பெயரல்ல. உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவிய சொல் அது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியல் அதை நோய் என்று சொல்லாமல், வேலை சார்ந்த நிலை என்று வகைப்படுத்துகிறது. சமாளிக்கப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவாகச் சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, திறமையாகச் செய்ய முடியாமல் போவது என்று மூன்று அடையாளங்களையும் தருகிறது. இரவு தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்றால் ‘வைப்ட் அவுட்’ போதும். மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் தயங்காமல் ‘பர்ன்ட் அவுட்’ என்றே சொல்லுங்கள். தினமும் சொல்லித் தேய்த்துவிட்டால், உண்மையிலேயே தேவைப்படும் நாளில் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

மேலாளரிடமோ வெளிநாட்டு வாடிக்கையாளரிடமோ பேசும்போது களைப்பை நேராகச் சொல்வதைவிட நாளின் மேல் பாரத்தைப் போடுவது நல்லது. ‘இட்ஸ் பீன் எ லாங் டே. குட் வீ பிக் திஸ் அப் டுமாரோ மார்னிங்?’ (இதை நாளைக் காலை தொடரலாமா?) என்றால் மரியாதையும் குறையாது, வேலையைத் தட்டிக்கழிப்பது போலவும் இராது. எல்லோரும் களைத்திருக்கும் கூட்டத்தை முடிக்க ‘லெட்ஸ் கால் இட் எ டே’ போதும்.

வேறு யாராவது உங்களிடம் ‘ஐ ஆம் வோர்ன் அவுட்’ என்றால் ‘ஓகே’ என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். ‘யூ மஸ்ட் பி. கெட் சம் ரெஸ்ட்’ என்பது ‘பின்னே இருக்காதா, போய்க் கொஞ்சம் படுங்க’ என்று நாம் சொல்வதற்கு ஈடு. பழகியவர் என்றால் ‘கோ ஹோம் அண்ட் புட் யுவர் ஃபீட் அப்’ (வீட்டுக்குப் போய்க் காலை நீட்டி ஓய்வெடுங்க) என்றும் சொல்லலாம்.